முட்டத்துப் பாறையும் குளச்சல் துறையும்

கன்னியாகுமரிக்குப் போகாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அபூர்வம். விடியற்காலையில் எழுந்து சூரியோதயம் பார்க்கிறோம். படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறோம். 133 அடி வள்ளுவரை அண்ணாந்து பார்க்கிறோம். குழந்தைகளுக்குச் சிப்பி மாலையும் கலர் மணலும் வாங்கிக்கொண்டு, சுசீந்திரத்தில் தரிசனத்தையும் முடித்து ஊர் திரும்பிவிடுகிறோம். அதே முனையிலிருந்து மேற்கே திரும்பி, கடலோரமாகவே முப்பது நாற்பது கிலோமீட்டர் போனால் முட்டம், கடியபட்டணம், மண்டைக்காடு, குளச்சல் என்று வரிசையாக ஊர்கள். அங்கே போகிறவர்களும், "சினிமாவில் வந்த பாறை இதுதானே!" என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சினிமாவில் வந்தது வாஸ்தவம்தான். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டிலும் நாம் பார்த்தது முட்டத்துக் கடற்கரை. ஆனால் அந்தப் பாறைகளுக்குச் சினிமாவைவிடப் பழைய உபயோகம் ஒன்று உண்டு. அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டு மீன் பிடிப்பது! "எங்கள் வீட்டில் யாரும் தூண்டில் பிடிக்கப் போவதில்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிற ஒவ்வொரு தாயும் அந்தத் தூண்டில்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

பாட்டிலில் சுற்றிய நரம்பு

நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து முட்டத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர். வழியெல்லாம் தென்னையும் வாழையும் குளங்களுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. கடல் நெருங்க நெருங்க மண் செக்கச் செவேலென்று மாறுகிறது. தேரி மணல். மேட்டின்மேல் கலங்கரை விளக்கம். அங்கிருந்து கீழே பார்த்தால், யானைக் கூட்டம் தண்ணீரில் படுத்துக் கிடப்பது போலக் கரும்பாறைகள். அவற்றைச் சுற்றி வெள்ளை நுரை.

நாங்கள் போனது மாசி மாதம். மாலை நாலரை மணி. பாறைகளில் ஐந்தாறு பேர், ஒருவருக்கொருவர் இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கையில் மூங்கில் கம்பு கிடையாது. ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். அதில் சுற்றிய நைலான் இழை. அதைத்தான் 'நரம்பு' என்கிறார்கள். நரம்பின் நுனியில் ஒரு கனம், அதற்குச் சற்று மேலே முள், முள்ளில் கணவாய்த் துண்டோ, இறாலோ, வெட்டிய சாளையோ இரையாகக் கோத்திருக்கிறது. நுனியைத் தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி வீசினால் நரம்பு பாட்டிலிலிருந்து விர்ரென்று உருவிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுகிறது. அப்புறம் நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மீன் தொட்டால் விரல் சொல்லிவிடும்.

எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் கனத்துக்காகக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். ஈயம் இல்லை, மோட்டார் சைக்கிளின் பழைய ஸ்பார்க் பிளக்!

"இதெதுக்கு தாத்தா?" என்று கேட்டேன்.

"பாறை எடையில மாட்டுனா நரம்ப அறுத்துத்தான் ஆவணும். ஈயம் விக்கிற வெலையில கடலுக்குக் காணிக்கை போட முடியுமா மக்களே? இது ஒர்க் ஷாப்புல சும்மா கெடைக்கும்" என்றார். அந்த பிளக்கையும் மெல்லிசான தனி இழையில்தான் கட்டியிருந்தார். பாறையில் சிக்கினால் அந்த இழை மட்டும் அறும். முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். எத்தனை சிக்கனம் பாருங்கள்! நம் வீட்டு அடுப்படியில் நாம் செய்கிற யோசனைதான்.

பாறை இடுக்குகளில் பாசியும் சிப்பியும் நண்டும் இருப்பதால் அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும். சிறு மீனைத் தின்னப் பாறை, கலவா, சீலா முதலிய பெரிய மீன்கள் வரும். விடியலிலும் அந்தியிலும் அவை கரையை ஒட்டி இரை தேடும். அதனால்தான் தூண்டில்காரர்களும் அந்த வேளைகளிலேயே வந்து உட்காருகிறார்கள். அன்று பெரியவரின் பையில் இரண்டு முரல், கையகலத்தில் ஒரு பாறை மீன். "ராத்திரிக் கறிக்குப் போதும்" என்றார். வியாபாரம் இல்லை, வீட்டுக் குழம்புக்கான மீன் அது.

முதலில் எண்ணு, பிறகு இறங்கு

எங்களுடன் வந்திருந்த என் தங்கை மகனுக்குப் பத்து வயசு. தண்ணீருக்கு அருகே ஈரமாய் மின்னிய ஒரு தட்டைப் பாறையைப் பார்த்ததும் அதில் போய் நிற்கத் துடித்தான். நான் கையை எட்டிப் பிடிப்பதற்குள் பெரியவரே குரல் கொடுத்தார்.

"மக்கா, நில்லு! கடல எண்ணிப் பாத்தியா?"

பையன் விழித்தான். பெரியவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வருகிற அலைகளை எண்ணச் சொன்னார். அவன் எண்ணினான். சின்னச் சின்ன அலைகள். பத்து... பதினைந்து... இருபது... "ஒண்ணும் பெரிசா வரலையே தாத்தா!" என்றான். "எண்ணு" என்றார் அவர். இன்னும் சில அலைகள் போயிருக்கும். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அலைகள் உயர்ந்து வந்தன. அவன் நிற்க ஆசைப்பட்ட பாறை முழுகி எழுந்தது. பையன் சத்தமில்லாமல் என்னோடு ஒட்டிக்கொண்டான்.

"பெரிசு தனியா வராது. கூட்டமாத்தான் வரும். அதப் பாக்காம கல்லுல கால் வைக்கப்பிடாது. பாசி இருக்கிற எடம் கடலுக்கு, காஞ்ச எடந்தான் நமக்கு" என்றார் பெரியவர்.

இதுதான் நான் முதலில் சொன்ன பாடம். பாறையை நன்றாகப் பாருங்கள். கீழே பச்சைப் பாசி. அதற்கு மேலே வெள்ளைப் பொரிப் பொரியாக ஒட்டியிருக்கும் கொட்டலசு. இவை இரண்டும் கடல்நீர் பட்டுக்கொண்டே இருந்தால்தான் வளரும். ஆகவே அவை இருக்கும் இடமெல்லாம் அலை எட்டும் இடம். கடல் அந்த நிமிஷத்தில் அமைதியாக இருந்தாலும் அது நம் இடம் இல்லை. மீன் பிடிக்கவே பிறந்தவர்கள்கூட வந்தவுடன் தூண்டிலைப் பிரிப்பதில்லை. கால் மணி நேரம், இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இடம் தேர்ந்தெடுக்கிறார்கள். மீன் பிடிக்கும்போதும் ஒருவரும் கடலுக்கு முதுகைக் காட்டுவதில்லை. நாமோ போட்டோவுக்காக முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறோம்!

கள்ளன் போல வரும் கடல்

இந்தப் பக்கத்தில் 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் வழங்குகிறது. கேரளக் கரையிலும் இதே பெயர்தான். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கடல் மட்டும் திடீரென்று பொங்கிக் கரையேறும். கள்ளன் சொல்லாமல் வருவது போல வருவதால் இந்தப் பெயர். இந்துமகா சமுத்திரத்தின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிரயாணம் செய்து, சில நாட்கள் கழித்து நம் கரையை அடைகின்றன. அதனால்தான் இங்கே அதற்கு ஓர் அறிகுறியும் தெரிவதில்லை. கோடை மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறைக் காலத்தில், இது அதிகம். மீனவர் வைத்த இந்தப் பெயரையே 2012-ல் யுனெஸ்கோ விஞ்ஞான உபயோகத்துக்கு ஏற்றுக்கொண்டது.

2024 மே 6-ஆம் தேதி, ராஜாக்கமங்கலம் பக்கத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் ஐந்து பேரை இந்தக் கள்ளக்கடல் கொண்டு போயிற்று. ஹைதராபாதிலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தது. படித்த பிள்ளைகள், டாக்டராகப் போகிறவர்கள். பெற்ற வயிறுகள் என்ன பாடு பட்டிருக்கும்! இப்போது இந்த எச்சரிக்கைகள் செய்திகளிலும் வருகின்றன, செல்போனிலும் பார்க்கலாம். கிளம்புவதற்கு முன்னால் மழை வருமா என்று பார்க்கிறோம் அல்லவா? கடலோரம் போகும்போது கடல் எச்சரிக்கை உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது இன்னும் நல்லது.

மடி விரிக்க மணல் வேண்டும்

பாறையில் தூண்டில் என்றால், பாறைகளுக்கு நடுவேயுள்ள மணற்கரையில் கரமடி. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் ஒரு கூட்டத்திடம் கொடுத்துவிட்டு, வள்ளத்தில் வலையைக் கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக விரித்து, மறுகயிற்றைத் தூரத்தில் கரை சேர்க்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, 'ஏலேலோ' என்று குரல் கொடுத்தபடி மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். கடலுக்குள் போகத் தெம்பில்லாத வயசானவர்களும் இதில் கயிறு பிடிக்கலாம். பிடித்தவருக்குப் பங்கு உண்டு. வலையின் நடுவே மீன் சேரும் பைக்குப் பெயர் 'மடி'. அந்த மடியில் நெத்திலியும் சாளையும் காரலும் வெள்ளிக் காசாய்த் துள்ளுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

ஆனால் இந்தக் காட்சி வர வரக் குறைகிறது. கரமடிக்கு அகலமான மணல் வேண்டும். கடல் அரிப்பைத் தடுக்கப் பெரிய பெரிய கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பிய இடங்களில் மணல் இல்லை; வலை இழுக்க வழியும் இல்லை. கடலுக்குள் வளைந்து நீளும் கல் கட்டுக்கு இங்கே 'தூண்டில் வளைவு' என்று பெயர். தூண்டில் முள் போல வளைந்திருப்பதால் அப்படி. அதன் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கம் அரிப்பு கூடும். மணல் சேர்ந்த ஊருக்கு லாபம், பக்கத்து ஊருக்குக் கஷ்டம். "செவரு இல்லன்னா வீடு போச்சு, செவரு இருந்தா மடி போச்சு" என்று ஓர் அக்கா சொன்னார். அவர் மாமனார் கரமடியில் கயிறு பிடித்தவராம். அந்த வீட்டில் இப்போது மீன் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

சுவர் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலோடிகள் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை. குடும்பத்தோடு கரையில் இருந்தார்கள். குளச்சலும் பக்கத்திலுள்ள கொட்டில்பாடும் அன்று சுனாமியில் இழந்த குழந்தைகளையும் தாய்மார்களையும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கடல் திடீரென்று உள்வாங்கி, பார்க்காத பாறையெல்லாம் தெரிந்தால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை இங்கே சிறு குழந்தைகூடச் சொல்கிறது.

குளச்சல் துறையில்

குளச்சல் சரித்திரப் பிரசித்தி பெற்ற ஊர். 1741-ல் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இங்கேதான். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் வெற்றித் தூணையும் பார்க்கலாம்.

துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கற்களிலும் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். கற்களின் இடுக்குகள் மீனுக்கு நல்ல ஒதுக்கிடம். ஆனால் இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும். குழந்தைகளை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள். தூண்டிலில் சில சமயம் பலூன் போல ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் மாட்டும். வேடிக்கையாக இருக்கும்; ஆனால் அதன் விஷம் சமைத்தாலும் போகாது. கெளுத்தி முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணிக்குக் குறையாமல் வைத்தால் வலி தணியும். பிறகு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படகு வந்ததும் ஏலம் ஆரம்பம். ஏலத்தில் எடுத்த மீனைச் சருவத்தில் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் பெண்கள்தான். மீன் வாசனைக்காக இவர்களை பஸ்ஸில் முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021-ல் இதே குளச்சலில் ஒரு மூதாட்டியை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதும், அதன்பேரில் நடவடிக்கை எடுக்கப்பட்டதும் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. நம் குழந்தையின் தட்டில் விழும் மீன் அந்தத் தலைச்சுமையில் வந்தது என்பதை மறக்கலாமா?

நல்ல மீன், நமக்கு எது?

அங்கே மீன் விற்ற அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது: கண் முட்டைபோல் எழும்பிப் பளபளக்க வேண்டும், குழி விழுந்திருந்தால் வேண்டாம். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். வயிறு உடைந்திருக்கக் கூடாது. அயிலை, சூரை, சாளை ஆகியவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். ஆகவே வாங்கியவுடன் வீடு. வீடு வந்தவுடன் ஐஸ் அல்லது அடுப்பு.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் விலை உயர்ந்த பெரிய மீனைத் தேட வேண்டியதில்லை. சுறா போன்ற பெரிய மீன்கள் பல காலம் வாழ்ந்து, மற்ற மீன்களைத் தின்று, உடம்பில் பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு என்பது நம் பாட்டிமார் வழக்கம். ஆனால் அந்தச் சமயத்தில் நெத்திலியும் சாளையும்தான் பத்திரமானவை. சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு சாளையில் ஏராளம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. சின்னக் குழந்தைக்கு மட்டும் முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுப் பிசைந்து கொடுங்கள்.

இந்தப் பக்கத்துச் சாளைப் புளிமுளம் ரொம்பச் சுலபம். தேங்காய், மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் வெண்ணெய் போல அரைத்துப் புளிக் கரைசலில் கலந்து, மண்சட்டியில் முருங்கைக்காயோ மாங்காயோ போட்டுக் கொதிக்க விட வேண்டும். காய் வெந்ததும் மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியை லேசாக ஆட்டி வேக விட வேண்டும். இறக்கும்போது கறிவேப்பிலையும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும். மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டால்... சொல்லி முடியாது!

பாறைகளில் முங்கி எடுக்கும் சிப்பியும் இங்கே விசேஷம். சமைக்கும்போது வாய் திறக்காத சிப்பியைத் தூர எறிந்துவிடுங்கள்.

போகிறவர்களுக்கு

ஆனி, ஆடியில் மேல்காற்றும் மழையுமாகக் கடல் மூர்க்கமாக இருக்கும். மார்கழி முதல் மாசி வரை சௌகரியம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள காலத்தில் துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும். இந்த ஜில்லாவில் ஒரு வேடிக்கை: கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; மேற்கே குளச்சல், முட்டம் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே ஜில்லாவுக்கு இரண்டு கணக்கு! ஞாயிற்றுக்கிழமை ஏலம் பார்க்கலாம் என்று போகாதீர்கள். ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கும்.

பாறைக்குப் போகும்போது வழுக்காத செருப்பு வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை என்று கணக்கு வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால், பதறிப் போய் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். கூச்சல் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். அவசர உதவிக்கு 112, கடலோரக் காவல் படைக்கு 1554. இந்த இரண்டு எண்களையும் கிளம்பும் முன்பே செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு நாம் 'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். அது அவர்கள் காதில் ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக உட்கார வைத்து அலையை எண்ணச் சொல்லிப் பாருங்கள். பயமுறுத்தாமலே பயம் வரும். ரசனையும் கூடவே வரும்.